தீசிஸ் நேரத்து டி டெஸ்ட் தலைவலிகள்: உங்களுக்கு எப்படி?

மெடிக்கல் காலேஜ் பிஜி மாணவர்களுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. தீசிஸ் சமர்ப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் லேப்டாப்போடு வரிசை நிற்கும். அப்படி வந்த ஒரு டாக்டர் தம்பி, "சார், மருந்துக்கு முன்னாடி பிரஷர், பின்னாடி பிரஷர் எடுத்திருக்கேன். டி டெஸ்ட் போட்டா பி வேல்யூ வரமாட்டேங்குது. கைடு திட்டுறார்" என்றார். டி டெஸ்ட் என்பது இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு. உண்மையில் வித்தியாசமே இல்லையென்றாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி வேல்யூ. அது 0.05-க்குக் கீழே இறங்கவில்லை என்பதைத்தான் எல்லாரும் இப்படிச் சொல்வார்கள்.

எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன். ஃபார்முலாவின் கடைசி எண் 2. அது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத, சிதறல் சமமான இரண்டு குழுக்களுக்கு. இவரிடம் இருப்பதோ ஒரே ஆட்களின் இரண்டு அளவுகள். அதற்கு 1 போட வேண்டும்.

அவருக்குப் பழைய தூக்க மருந்துக் கணக்கைக் காட்டினேன். அமெரிக்காவில் கலமசூ மனநல மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்து, 1905-இல் குஷ்னியும் பீபிள்ஸும் வெளியிட்டது. கின்னஸ் பீர் கம்பெனியில் இருந்த காசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். 10 நோயாளிகள், ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் எடுத்தவர்கள். கூடுதல் தூக்கம் ஒரு மருந்தில் சராசரி 0.75 மணி, இன்னொன்றில் 2.33 மணி. தனித்தனி ஆட்கள் என்று வைத்து வெல்ச் முறையில் (இரண்டு குழுக்களின் சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளாத டி டெஸ்ட்) போட்டால் பி 0.079. ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்த 10 வித்தியாசங்களின் மேல் போட்டால் 0.0028! எண்கள் அதேதான். 9 பேருக்கு இரண்டாவது மருந்தில் தூக்கம் அதிகம், ஒருவருக்கு மட்டும் இரண்டும் ஒன்று. ஆனால் சிலர் எதைக் கொடுத்தாலும் நன்றாகத் தூங்குகிறார்கள், சிலர் எதற்கும் அசைவதில்லை. கழித்துப் பார்க்காதவரை அந்தச் சிதறல் மருந்தின் பலனை மூடி மறைத்துவிடுகிறது.

தம்பி எண்ணை மாற்றிவிட்டு நிம்மதியாகப் போனார். 'பி வரும்வரை டெஸ்டை மாற்றலாம் போல' என்று புரிந்துகொண்டு போனாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

*

நான் பயோகெமிஸ்ட்ரி. எங்கள் பக்கம் தொல்லை வேறு. ஒரு ஜூனியர் சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) அளவுகளை இரண்டு குரூப்பாகப் பிரித்து டேபிள் போட்டு வந்தாள். எஸ்.டி., அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, சராசரியை விடப் பெரியது. சிஆர்பி மைனஸில் போகாதே! அப்படியென்றால் முக்கால்வாசிப் பேருக்குக் குறைவு, நாலைந்து பேருக்கு எக்கச்சக்கம் என்று டேபிளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த நாலைந்து பேர்தான் சராசரியை இழுக்கிறார்கள். அந்த இழுப்பு குறைய, எண்களுக்கு லாக் (மடக்கை) எடுத்துவிட்டு டி டெஸ்ட் போடச் சொன்னேன். "மான்-விட்னி போடலாமா மேடம்?" என்றாள். போடலாம், ஆனால் அது எண்களை வரிசைப்படுத்தி அந்த வரிசையைப் பார்க்கும் டெஸ்ட், சராசரியை ஒப்பிடுவதில்லை. லாக் வழியில் போனால், இந்தக் குரூப்பில் இத்தனை மடங்கு என்று சொல்ல ஒரு எண்ணாவது கையில் இருக்கும்.

*

முதலில் எழுதிய சாருக்கு: அந்தத் தூக்கக் கணக்கு 'ஆர்' மென்பொருளிலேயே இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன். பி-யோடு 95% இடைவெளியும் (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற கணிப்பு) தருகிறது: வித்தியாசம் 0.70 முதல் 2.46 மணி வரை. என் தீசிஸிலும் பி-க்குப் பக்கத்தில் இடைவெளியைச் சேர்த்தேன். பிரஷர் வித்தியாசத்துக்குக் குட்டி பி வந்திருந்தது, ஆனால் இடைவெளி முழுவதும் 2 மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிட்டது. கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுக்காகவாம்மா ஒருத்தருக்கு மாத்திரை எழுதுவே?" என்றார். டிஸ்கஷன் அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுதினேன்.