கம்பூசியா: எங்கே கண்டீர்கள், எப்படி வந்தது?

கொசுப்புழு தின்னும் சிறு மீனான கம்பூசியாவுக்குத் தாயகம் அமெரிக்காவின் தென்பகுதி. இதில் அஃபினிஸ், ஹோல்புரூக்கி என்று இரண்டு இனங்களைச் சொல்கிறேன். மிசிசிப்பிப் படுகையிலும் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் ஆறுகளிலும் இருப்பது அஃபினிஸ். ஃபுளோரிடாவிலும் அட்லாண்டிக் கரையோரத்திலும் இருப்பது ஹோல்புரூக்கி. கொசுப்புழுவைத் தின்னும் என்பதால் 1905இல் டெக்சஸிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். 1921இல் ஸ்பெயின், மறு வருடம் இத்தாலி, அங்கிருந்து 1928இல் இந்தியா. கடல் தாண்டியதெல்லாம் மனிதர் கையால்தான். அதற்குப் பிறகு வாய்க்காலும் வெள்ளமும் போதும். இது முட்டையிடாது, குஞ்சு போடும். ஆணின் விந்தைப் பெட்டை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருக்கும். வாளித் தண்ணீரோடு ஒரே ஒரு சினை மீன் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் குளத்தில் பெருகிவிடும்.

*

கம்பூசியாவைக் கண்ட இடத்தைக் குறிப்பதற்கு முன்னால் மீனைச் சரியாகப் பாருங்கள் ஐயா. நீர்மட்டத்தில் திரியும் பொடிமீனெல்லாம் கம்பூசியா இல்லை. நம் ஊர்ப் பொடிமீனான முண்டக்கண்ணியின் உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும், கம்பூசியாவுக்குக் கிடையாது. கண்ணாடிப் புட்டியில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல நீண்டு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சினைப்பெட்டையின் வயிற்றோரம் கருந்திட்டு தெரியும். தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் கப்பி மீனின் பெட்டைக்கும் அந்தத் திட்டு உண்டு, அங்கேதான் ஏமாறுவோம். வாலிலும் முதுகுத் துடுப்பிலும் பொடிக் கரும்புள்ளிகள் வரிசை கட்டியிருந்தால் கம்பூசியா. முதுகுத் துடுப்பிலுள்ள முள் போன்ற கதிர்கள் பெரும்பாலும் அஃபினிஸுக்கு ஆறு, ஹோல்புரூக்கிக்கு ஏழு. எண்ணுவதற்குக் கைலென்ஸ் வேண்டும்.

*

கிணற்றில், தொட்டியில் விடுகிறவர்களுக்கு: மீன் இருக்கும் பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் அந்தத் தண்ணீரிலேயே மிதக்கவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்துவிட்டு மீனை விடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றே விட்டால் குளோரினில் செத்து மிதக்கும். பாசியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்திருந்தால் மீன் உள்ளே நுழையாது, புழு தப்பிவிடும். முதலில் அதை வாரி எடுங்கள். நிரம்பி வழிந்து வாய்க்காலில் சேரும் தொட்டியில் தயவுசெய்து விடாதீர்கள். ஏரி, ஓடை பக்கமே கொண்டுபோகாதீர்கள். தவளை முட்டை, தலைப்பிரட்டை, மற்ற மீன்குஞ்சு எல்லாவற்றையும் தின்னும், பெரிய மீனின் துடுப்பையும் கடித்துக் கிழிக்கும். முண்டக்கண்ணியும் கொசுப்புழு தின்னும் மீன்தானே, அதுவும் நம் ஊர் மீன்.

*

வலை போட்டு ஒழிக்கலாம் என்று நம்ப வேண்டாம். பிறந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, கண்ணி வழியே நழுவிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறேழு வாரத்தில் அதுவே குஞ்சு போடத் தயார். சிறு தொட்டியென்றால் முழுக்க இறைத்து, மூலையில் தேங்கிய சகதியும் வெடிக்கும்வரை காயவிட வேண்டும். ஒரு கை நீர் மிஞ்சினாலும் அதில் மீன் பிழைத்துக் கிடக்கும். வாய் மேல்நோக்கி இருப்பதால் காற்றைத் தொட்ட மேல்படல நீரை உறிஞ்சியே தாக்குப்பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளைப் பாருங்கள். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள அந்த ஊற்றுகளில்தான் சிவப்புத்துடுப்பு நீலக்கண் மீன் இயற்கையாக வாழ்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. மழைவெள்ளம் தரையில் மெல்லிய படலமாகப் பரவும்போது கம்பூசியா ஒரு ஊற்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. அதைத் தடுக்க நிழல்வலைத் துணியின் அடிவிளிம்பை மண்ணில் புதைத்து ஊற்றைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள்.