நினைவு மலரின் ஆங்கிலப் பக்கம்

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் 31ஆம் நாள். நினைவு மலரின் தமிழ்ப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் வாசிப்பதற்காக நான் எழுதிய ஆங்கிலப் பக்கத்தைப் படமெடுத்து மேலே போட்டிருக்கிறேன். நாளை காலை 10 மணிக்கு முன்னர் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். பிழை இருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

கல்லடிச் சின்னம்மா: வாசித்தேன், அண்ணன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. அம்மாவின் பெயரைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது.

இலண்டன் தம்பி: மாமா, முதல் வரி என் காதுக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பெரிய மாமா: எந்தச் சொல்?

இலண்டன் தம்பி: ‘விச்’.

ஆரையம்பதி அக்கா: மாமா, தம்பியின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ‘த நியூஸ் விச் அவர் மதர் ஹேட் பாஸ்ட் அவே ரீச்ட் அஸ் அட் மிட்நைட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ‘விச்’ நிற்காது, ‘தட்’ மட்டுமே நிற்கும். மற்றபடி அந்த வரியில் கைவைக்க எனக்கு மனமில்லை.

பெரிய மாமா: மருமகள், செய்தி என்பது அஃறிணை. அஃறிணைக்கு ‘விச்’, ‘தட்’ இரண்டும் வரும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நானும் 30 வருடங்கள் அப்படித்தான் படிப்பித்தேன். ‘த நியூஸ் விச் ஹி ப்ரோட்’ என்றால் பிழையா?

ஆரையம்பதி அக்கா: அது பிழையில்லை, மாமா. நீங்கள் படிப்பித்ததும் பிழையில்லை. ஆனால் அந்த விதி வேறொரு வாக்கியத்துக்கு உரியது. அன்றிரவு நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். கல்லடியிலிருந்து சின்னம்மாவின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் படலையைத் தட்டினான். அவன் கொண்டு வந்த செய்தி, அம்மம்மா இறந்த செய்தி. தமிழில் இரண்டும் ஒரே வடிவில், பெயரெச்சமாக நிற்கின்றன. அதனால் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே கயிற்றைக் கட்டலாம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் உள்ளே பார்த்தால் இரண்டும் வேறு. ‘கொண்டு வந்த’ என்பதில் எதைக் கொண்டு வந்தான் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது, அந்த வெறுமையைச் ‘செய்தி’ என்ற சொல்லே நிரப்புகிறது. ‘அம்மம்மா இறந்த’ என்பதில் எந்த இடமும் வெறுமையாக இல்லை. இறந்தவர் அம்மம்மா, நடந்தது மரணம், அதோடு அந்த வாக்கியம் முடிந்துவிட்டது. அங்கே செய்திக்கு உள்ளே போக இடமே இல்லை. அந்த முழு வாக்கியமும் செய்தியின் உள்ளடக்கமாக வெளியே நிற்கிறது. ‘விச்’ என்ற சொல் வெறுமையான இடத்தைப் பிடித்துக்கொள்வதற்காக இருப்பது. பிடிக்க இடம் இல்லாத வாக்கியத்தில் அது நிற்க முடியாது. ‘தட்’ அப்படியல்ல, அது வெறும் படலை மாதிரி. வாக்கியம் இங்கே தொடங்குகிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

கல்லடிச் சின்னம்மா: அந்த நேரம் மணி 1.20 இருக்கும், மகள். அவனைத் தனியே அனுப்பியிருக்கக் கூடாது.

ரொறொன்ரோ மாமா: எனக்கு மட்டும் காலையில்தான் சொன்னீர்கள்.

பெரிய மாமா: அதைப் பிறகு பேசலாம். மருமகள், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் எழுதும்போது வெறுமை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

ஆரையம்பதி அக்கா: தேட வேண்டியதில்லை, மாமா. நம்முடைய தமிழிலேயே அதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. ‘என்ற’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘அம்மம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி’ என்று சொல்லலாம். ‘அவன் கொண்டு வந்தான் என்ற செய்தி’ என்றால் பொருளே மாறிவிடுகிறது. அவன் எதையோ கொண்டு வந்ததாக யாரோ சொன்னார்கள் என்றாகிவிடும். பொருள் மாறாமல் ‘என்ற’ நுழையுமானால், ஆங்கிலத்தில் அங்கே ‘விச்’சுக்கு இடமில்லை. நன்னூலில் பெயரெச்சம் தழுவும் பெயர்கள் ஆறு என்று நீங்களே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்கள்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘கொண்டு வந்த செய்தி’யில் செய்தி செய்பொருள். ‘இறந்த செய்தி’யில் உள்ள செய்தியை அந்த ஆறில் எதற்குள் வைப்பீர்கள்? இறந்தவரும் அதுவல்ல, இறந்த இடமும் அதுவல்ல, நாளும் அதுவல்ல, மரணம் என்ற செயலும் அதுவல்ல. இந்தத் தனி உறவுக்குத்தான் ஆங்கிலத்தில் நவுன் கொம்ப்ளிமென்ட் என்று பெயர். பெயர்ச்சொல் தொடங்கிவைத்த பொருளை அது நிரப்பிவைக்கிறது.

தங்கச்சி: அக்கா, எங்கள் ரியூசனில் கொம்ப்ளிமென்ட் என்றால் ‘ஷி இஸ் எ டீச்சர்’ என்பதில் வரும் ‘டீச்சர்’ என்றுதான் சொன்னார்கள். மார்கழியில் எனக்குப் பரீட்சை.

பெரிய மாமா: எங்களுக்கும் அப்படித்தான்.

ஆரையம்பதி அக்கா: இரண்டும் உண்டு, தங்கச்சி. ‘ஷி இஸ் எ டீச்சர்’ என்பதில் வருவது எழுவாயைப் பற்றிச் சொல்லும் நிரப்பி. அது ‘இஸ்’ என்ற வினைக்குப் பின்னால் வரும். நான் சொல்வது ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவது. 1985இல் குவெர்க் முதலிய நான்கு அறிஞர்கள் எழுதிய பெரிய ஆங்கில இலக்கணத்தில் இந்த ‘தட்’ வாக்கியத்துக்கு அப்பொசிட்டிவ் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தியும் அதன் உள்ளடக்கமும் ஒன்றுதான் என்பதால் அந்தப் பெயரும் பொருந்துகிறது: ‘த நியூஸ் இஸ் தட் ஷி ஹேட் பாஸ்ட் அவே’ என்று நடுவில் ‘இஸ்’ போட்டு நிமிர்த்திச் சொல்லிவிடலாம். ‘த நியூஸ் இஸ் தட் ஹி ப்ரோட்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இலண்டன் தம்பி: ‘த நியூஸ் ஹி ப்ரோட்’ என்று ‘தட்’ இல்லாமலும் நாங்கள் பேசுவோம்.

ஆரையம்பதி அக்கா: பேசலாம், எழுதவும் செய்யலாம். ஆனால் ‘த நியூஸ் அவர் மதர் ஹேட் பாஸ்ட் அவே’ என்று எழுத்தில் விட்டால் வாசிப்பவர் தடுக்கி விழுவார். அச்சில் போகும் பக்கத்தில் அந்தத் ‘தட்’ கட்டாயம் இருக்கட்டும்.

தங்கச்சி: வேறொரு உதாரணம் தாருங்கள், அக்கா.

ஆரையம்பதி அக்கா: 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில் நிலம் நடுங்கி, இங்கே கரையோரம் முழுவதும் மக்கள் ஓடினார்களே, அப்போது நீ மிகவும் சிறியவள். வானொலி தந்த எச்சரிக்கை: ‘த வோர்னிங் தட் த ரேடியோ கேவ்’. கடல் வருகிறது என்ற எச்சரிக்கை: ‘த வோர்னிங் தட் த ஸீ வோஸ் கமிங்’. முதலாவதில் ‘விச்’ போடலாம், இரண்டாவதில் போடக் கூடாது. ‘என்ற’ எதில் இருக்கிறது என்று நீயே பார்.

தங்கச்சி: இரண்டாவதில். விளங்கிவிட்டது.

கல்லடிச் சின்னம்மா: அன்று அம்மா நகைப்பெட்டியை அலுமாரியிலேயே விட்டுவிட்டார். காணி உறுதியை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடி வந்தார். 2004இல் எல்லாம் போனவர் அல்லவா.

ரொறொன்ரோ மாமா: காணி உறுதி என்றதும் நினைவு வருகிறது. அண்ணன், மூன்றாவது பந்தியில் கல்லடி வீட்டைப் பற்றி ஒரு வரி இருக்கிறதே, அது நினைவு மலருக்குத் தேவையா?

பெரிய மாமா: அம்மா செய்ததைத்தான் எழுதியிருக்கிறேன். ‘ஹெர் டிசிஷன் ஒஃப் கிவ்விங் த ஹவுஸ் டு ஹெர் யங்கஸ்ட் டோட்டர்.’ பெண்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம்முடைய ஊர் வழக்கம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கல்லடிச் சின்னம்மா: குறை இல்லையென்றால் ஏன் எழுத வேண்டும், அண்ணன்?

ஆரையம்பதி அக்கா: எழுதுவதா இல்லையா என்பதை மூத்தவர்கள் நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். எழுதுவதென்றால் ‘டிசிஷன் டு கிவ்’ என்று எழுதுங்கள், மாமா. ‘டிசைட்’ என்ற வினை ‘டு’வோடு வரும், அதிலிருந்து பிறந்த பெயரும் தாயின் வழியிலேயே ‘டு’வோடு வரும். ‘ரிஃபியூஸ்’, ‘ப்ரொமிஸ்’, ‘அட்டெம்ப்ட்’ எல்லாம் அப்படித்தான். எல்லாப் பெயரும் அப்படியல்ல. ‘பொசிபிலிட்டி’ ‘டு’வை ஏற்காது, அதற்கு ‘ஒஃப்’ அல்லது ‘தட்’ வேண்டும். கடைசிப் பந்தியில் ‘வீ ரிக்வெஸ்ட் ஃபோர் யுவர் பிரசன்ஸ்’ என்று இருக்கிறது. விடுமுறைக் கடிதம் எழுதி எழுதி நம் எல்லோருக்கும் பழகிப்போன பிழை இது. ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபோர்’ வேண்டாம்: ‘வீ ரிக்வெஸ்ட் யுவர் பிரசன்ஸ்’. பெயராக வந்தால் வேண்டும்: ‘அவர் ரிக்வெஸ்ட் ஃபோர் யுவர் பிரசன்ஸ்’. ‘கோஸ் ஒஃப் ஹெர் டெத்’ என்பது சரி. ஆனால் ‘ரீசன்’ என்று மாற்றினால் ‘ஃபோர்’ வர வேண்டும். இவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

பெரிய மாமா: 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பாடசாலை தொடங்கிய மட்டக்களப்பு இது. இந்த ஊரிலிருந்து பிழையோடு ஒரு பக்கம் அச்சாகக் கூடாது. வேறு என்ன இருக்கிறது?

ஆரையம்பதி அக்கா: ‘எ மதர் ஃப்ரொம் ஆரையம்பதி ஒஃப் சிக்ஸ் சில்ட்ரன்’. ‘ஒஃப் சிக்ஸ் சில்ட்ரன்’ என்பது தாய் என்ற சொல்லுக்கு உயிரானது. பிள்ளை இல்லாமல் தாய் இல்லை. ஊர் என்பது மேலதிகமான தகவல். உயிரானது பெயரை ஒட்டி முதலில் வர வேண்டும், மற்றது பின்னால் வரலாம். ‘எ மதர் ஒஃப் சிக்ஸ் சில்ட்ரன் ஃப்ரொம் ஆரையம்பதி.’

இலண்டன் தம்பி: அப்படி எழுதினால் பிள்ளைகள் ஆரையம்பதி என்றும் பொருள் வருமே?

ரொறொன்ரோ மாமா: ஆறு பேரும் அங்கேதானே பிறந்தோம்.

கல்லடிச் சின்னம்மா: எத்தனை பிரதி அடிக்கிறீர்கள்? 150 காணாது. மாமிமார் வீட்டுக்கு மட்டும் 20 வேண்டும்.

பெரிய மாமா: 200 என்று சொல்லியிருக்கிறேன். காசு விடயத்தைக் காலையில் பேசுவோம். மருமகள், வீட்டு வரியை வேறு விதமாக எழுத வழி இருக்கிறதா? கல்லடித் தங்கச்சியின் மனம் நோகக் கூடாது.

ஆரையம்பதி அக்கா: இருக்கிறது, மாமா. அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது வீட்டைக் கொடுப்பதைப் பற்றியல்ல. வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆறு பேரும் அந்த வீட்டில் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையைத்தான். இந்த ‘வேண்டும் என்ற’ என்பதைக் கவனியுங்கள். ஆசைப்படுபவரும் செய்பவரும் ஒருவரே என்றால் ஆங்கிலத்தில் ‘டு’ வரும்: ‘ஹெர் விஷ் டு கிவ்’. ஆசைப்படுபவர் ஒருவர், செய்ய வேண்டியவர் வேறொருவர் என்றால் ‘தட்’ போட்டு அந்த வேறொருவரைப் பெயர் சொல்லி நிறுத்தலாம்: ‘ஹெர் விஷ் தட் ஹெர் சிக்ஸ் சில்ட்ரன் ஷுட் ஈட் டுகெதர் இன் த கல்லடி ஹவுஸ்’. வீடும் வந்துவிடுகிறது, நீங்கள் ஆறு பேரும் வந்துவிடுகிறீர்கள்.

கல்லடிச் சின்னம்மா: அம்மா அப்படித்தான் சொல்லுவார். கூனி போட்ட சுண்டலும் பால்சோறும் தானே சமைப்பேன் என்பார்.

ரொறொன்ரோ மாமா: அந்த வரி எனக்குச் சம்மதம். ஆனால் இந்த வருடம் என்னால் வர முடியுமா தெரியவில்லை.

பெரிய மாமா: நான் இரண்டு வரிகளையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எதைக் கொடுப்பது என்று காலையில் சொல்கிறேன்.

பெரிய மாமா: கடைசியாக ஒன்று. கிணற்றடியில் அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் படத்துக்குக் கீழே ‘எ ஃபோட்டோகிராஃப் ஒஃப் ஹெர்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். அதுவாவது சரியா?

ஆரையம்பதி அக்கா: ‘ஒஃப் ஹெர்ஸ்’ என்றால் அவருக்குச் சொந்தமான படம், அல்லது அவர் எடுத்த படம். அதில் இருப்பது யாருடைய முகமாகவும் இருக்கலாம். படத்தில் இருப்பவர் அவர்தான் என்று சொல்ல ‘எ ஃபோட்டோகிராஃப் ஒஃப் ஹெர்’ என்று எழுத வேண்டும். படம் என்றால் யாருடைய உருவம் என்ற கேள்வி கூடவே வருகிறது. அந்தக் கேள்வியை நிரப்புவது ‘ஒஃப் ஹெர்’. அந்தப் படத்தை எடுத்தது யார், மாமா?

பெரிய மாமா: அப்பா. 1978 சூறாவளிக்கு முந்திய வருடம்.

ஆரையம்பதி அக்கா: அப்படியானால் ‘அவர் ஃபாதர்ஸ் ஃபோட்டோகிராஃப் ஒஃப் அவர் மதர்’ என்று போடுங்கள். எடுத்தவர் முன்னால், இருப்பவர் பின்னால்.

கல்லடிச் சின்னம்மா: இரண்டு பேரும் ஒரே வரியில்.

பெரிய மாமா: எழுதிவிட்டேன். வீட்டு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.