ஒரு பீங்கான் துண்டுக்காக எக்ஸ்கவேட்டரை நிப்பாட்டுறாங்க, ஏன்?

சைட்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம், சிங்கப்பூர் ஆத்தோரமா ஒரு சைட்ல எக்ஸ்கவேட்டருக்கு பேங்க்ஸ்மேனா, அதாவது வண்டிக்கு கை காட்டுறவனா இருக்கேன், வெள்ளம் வராம இருக்க லாங்காங்கை (மழைத்தண்ணி போற கால்வாய) அகலமாக்குற வேலை. ஒரு வாரமா தொல்லியல் அக்கா ஒருத்தவங்க ஹெல்மெட்டோட வண்டி பக்கத்துலயே நின்னு குழிய எட்டி எட்டி பாக்குறாங்க. நேத்து கை தூக்குனாங்க, வண்டி நின்னுச்சு, பாத்தா உடைஞ்ச பீங்கான் துண்டு! முக்கால் மணி நேரம் வேலை போச்சு, சூப்பர்வைசர் மூஞ்சிய பாக்கணுமே. பக்கெட்டையும் பல்லில்லாததா மாத்த சொல்லிட்டாங்க. எதுக்குண்ணே இதெல்லாம்?

பானைஓடு:
தம்பி, ரெண்டு தடவ வாலண்டியரா, தோண்டி எடுத்த பானை ஓடு கழுவ போயிருக்கேன், அதனால சொல்றேன். பல்லு வச்ச பக்கெட் மண்ணை கிழிச்சு கலக்கிடும், பல்லில்லாதது தோசைய திருப்புற மாதிரி மெல்லிசா வழிச்சு எடுக்கும், அடுக்கு அடுக்கா நிறம் மாறுறது தெரியும். மேல இருக்கறது அனேகமா கொட்டி நிரப்புன மண்ணு தான். ஆத்தோரம் இருக்குற போட் கீ பக்கமே சதுப்பா கெடந்தது தானே, 1822ல ராஃபிள்ஸ் பிளேஸ்ல நின்ன குன்றை வெட்டி தான் நிரப்புனாங்க. கீழ பழைய ஆத்து சேறு வந்தா தான் அவங்க உஷாராவாங்க. 2015ல எம்பிரஸ் பிளேஸ்ல தோண்டுனப்ப 14ஆம் நூற்றாண்டு சாமானெல்லாம் டன் கணக்குல கெடச்சுச்சு. துண்டு பெருசில்ல தம்பி, எந்த ஆழத்துல, எது பக்கத்துல கெடந்துச்சுங்கறது தான் கணக்கு. மரத்துண்டு வந்தா காயவே விடக்கூடாது, சுருங்கி வெடிச்சிடும்.

லாரிக்காரன்:
நல்லா தான் சொல்றீங்க, ஆனா வெளிய ஆறு லாரி வெயிட்டிங்ல நிக்குது, ட்ரிப்புக்கு தான் எனக்கு காசு. 2010ல ஆர்ச்சர்ட் ரோட்டுல தண்ணி நின்னப்ப எல்லாரும் கத்துனீங்கள்ல, லாங்காங் வேலையும் முடியணும்ல? இந்த நிப்பாட்டுற நேரத்தை முன்னாடியே ஷெட்யூல்ல போட்டா யாருக்கும் சண்டையில்ல.

தேக்காபொண்ணு:
ஷெட்யூல் விஷயம் கரெக்ட் தான். ஆனா ஆத்து முகத்துவாரத்துல எழுத்து வெட்டுன பெரிய பாறைய 1843ல வெடி வச்சு தகர்த்தாங்க தெரியும்ல? ஒரு துண்டு மியூசியத்துல இருக்கு, இன்னும் யாராலயும் அதை முழுசா படிக்க முடியல. முக்கால் மணி நேரத்துக்கா அழறீங்க?

சைட்தம்பி:
ஐயோ, இப்ப ஒண்ணு கேக்கணும், திட்டாதீங்க. போன செவ்வாய்க்கெழம நீலப்பூ போட்ட துண்டு ஒண்ணு, அழகா இருக்கேன்னு டார்மிட்டரிக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

பானைஓடு:
அடப்பாவி! கழுவாம அப்படியே கவர்ல போட்டு நாளைக்கே குடு, எங்க எடுத்தேன்னும் சொல்லு.

சைட்தம்பி:
கழுவிட்டேன்ணே, சோப்பு போட்டு. ஆனா எடம் நல்லா ஞாபகம் இருக்கு, பம்பு நிக்கிற மூலைல, என் இடுப்பு ஆழத்துல.