சின்ன லேத்தில் நர்லிங்: அனுபவப் பகிர்வு

மண்டபத்திலிருந்து

வள்ளத்துக்காரர்களுக்குச் சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்கள் செய்து கொடுக்கிறேன். டீசல் டேங்க் மூடி, இன்ஜின் பெட்டிக்குக் கையால் திருகும் ஸ்க்ரூ, தூண்டில் ரீலுக்குக் கைப்பிடி, இப்படி. வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மூன்றடி லேத் (கடைசல் மெஷின்), சிங்கிள் பேஸ் மோட்டார். பகலில் வேறு வேலை, லேத் சாயங்காலத்துக்கு மேல்தான்.

இந்தச் சாமான்களுக்கு நர்லிங், அதாவது கை வழுக்காமலிருக்க உலோகத்தின் மேல் வரிவரியாகப் பதிப்பது, இல்லாமல் முடியாது. கடலில் கை எப்போதும் ஈரம். அதோடு மீன் வழுவழுப்பும் டீசலும் சேர்ந்தால், மழமழவென்று கடைந்த பித்தளை மூடியை யாராலும் திறக்க முடியாது. பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மூடியைப் பாருங்கள், விளிம்பைச் சுற்றி வரிவரியாகப் போட்டிருப்பார்கள். எண்ணெய்க் கையால்தான் திறக்கப் போகிறார்கள் என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நர்லிங் டூல் தள்ளுகிற வகை. பல் வைத்த இரண்டு வீலையும் ஜாபின் (கடையும் உலோகத்துண்டின்) ஒரே பக்கத்தில் வைத்து கிராஸ் ஸ்லைடால் (டூலை ஜாபை நோக்கி நகர்த்தும் பகுதியால்) அழுத்த வேண்டும். நர்லிங்கில் உலோகம் சீவப்படுவதில்லை, அழுந்திப் பிதுங்கித்தான் வரி எழும்புகிறது. அதற்கு வேண்டிய பலம் கொஞ்சநஞ்சமில்லை. பெரிய லேத் அதைத் தாங்கும். மூன்றடி லேத்தில் டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் கட்டி) ஒரு பக்கம் சாயும், 12 மி.மீ. கம்பி மறுபக்கம் வளையும், கிராஸ் ஸ்லைடு நட்டும் ஹெட்ஸ்டாக் (ஜாபைச் சுற்றும் தலைப்பகுதி) பேரிங்கும் அடி வாங்கும். அதனால் நான் மேலே ஒரு வீல், கீழே ஒரு வீல் வைத்து நடுவில் ஜாபைக் கவ்விப் பிடிக்கிற வகையைச் செய்துகொண்டேன். பாக்குவெட்டி மாதிரி இரண்டு கை, ஒரு கீல். மேல் வீல் கீழே அழுத்தும், கீழ் வீல் மேலே அழுத்தும், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். லேத்துக்குப் போய்ச் சேரும் பாரம் சொற்பம்.

மில்லிங் மெஷின் இல்லாதவர்களுக்காகச் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீல் உட்காரும் பள்ளத்தை ஒரே கட்டியில் குடைய ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு கையையும் மூன்று அடுக்காகச் செய்யலாம்: வெளியே இரண்டு 5 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பட்டை, நடுவில் வீலின் அகலத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலான தடிமனில் ஒரு துண்டு. என் வீல் 20 மி.மீ. விட்டம், 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. துளை. நடுத்துண்டு 8.1 வரும்படி அரம் போட்டேன். மூன்றையும் சேர்த்து ரிவெட் அடித்தால் பள்ளம் தானாகவே வந்துவிடும். வீலின் பின்னுக்கான துளையை இரண்டு பட்டையையும் ஒன்றாக வைஸில் பிடித்து ஒரே தடவையில் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பின் சாய்ந்து, வீல் ஒரு ஓரமாகத் தேயும். பின்னுக்கு 6 மி.மீ. டவல் பின்னே போதும், ஏற்கெனவே கெட்டியாக்கியது. மைல்டு ஸ்டீல் கம்பியை வெட்டிச் செருகினால் கொஞ்ச நாளில் அரைத்துத் தின்றுவிடும்.

கைகள் இரண்டையும் இறுக்க ஒரு எம்10 போல்ட். கீல் இருக்கும் கட்டியை டூல் போஸ்டில் பிடிக்கும்போது அது ஜாபின் மைய உயரத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் இரண்டு கையும் ஒரே அளவு விரியும். ஓட்டும்போது மேல் வீலின் மையம், ஜாபின் மையம், கீழ் வீலின் மையம் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், இறுக்க இறுக்க டூல் வழுக்கி வெளியே ஓடப் பார்க்கும்.

ஓட்டுகிற விதம்: ஜாபின் முனையில் சாம்பர் (ஓரச் சரிவு) போட்டு, டெயில் ஸ்டாக்கில் (எதிர்முனைத் தாங்கியில்) சுழல் சென்டர் கொடுத்து, வீலின் பாதி அகலம் மட்டும் ஜாபின் மேல் இருக்கும்படி ஆரம்பிப்பேன். போல்ட்டை இறுக்கிவிட்டு, ஜாபைப் பிடித்திருக்கும் சக்-ஐக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். வரி ஒற்றையாக விழுந்தால் நல்லது. இரட்டையாக விழுந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், மேலே ஓட்டினால் மாவாகிவிடும். சரியாக விழுந்தால் லேத்தின் ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, எண்ணெயைத் தாராளமாக விட்டு, ஃபீடை (டூலை ஜாபின் நீளவாக்கில் தானாக நகர்த்துவதை) போட வேண்டும். சக் சுற்றும்போது ஃபீடை நிறுத்தி வைக்கக் கூடாது, அந்த இடத்தில் வளையம் மாதிரித் தடம் விழும். அந்தக் கடைசிக்குப் போனதும் வீலைத் தூக்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி, அப்படியே திரும்பி வரலாம்.

முதலில் செய்த ஸ்க்ரூக்களை எதிர்வீட்டு மாமாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்று 0.8 மி.மீ. பல் இடைவெளியில் டைமண்ட் (சாய்வரிகள் குறுக்கிடும் கட்டம்), ஒன்று 1.6 மி.மீ. நேர்வரி. வலையிலிருந்து மீன் கழித்த கையோடு வந்தார், விரலிடுக்கில் செதில் ஒட்டியிருந்தது. டைமண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நகைக்கடைச் சாமான் மாதிரி இருக்கு" என்றார். இரண்டு திருகு திருகினார். கட்டத்துக்குள் செதிலும் சளியும் அடைத்து, மூன்றாவது திருகில் விரல் வழுக்கியது. நேர்வரியை எடுத்தார், கட்டைவிரலால் வரியோடு ஒரு இழு இழுத்தார், அழுக்கு வழித்துக்கொண்டு வந்துவிட்டது. "இதையே போடு." அதிலிருந்து திருகுகிற சாமானுக்கெல்லாம் பெரிய பல் நேர்வரிதான். இழுத்துப் பிடிக்கிற கைப்பிடிக்கு மட்டும் டைமண்ட், நேர்வரி நீளவாக்கில் வழுக்கும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். இரட்டைத் தடத்துக்கு யார் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

தொண்டியிலிருந்து

தம்பி, நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். நான் ஐடிஐயில் டர்னர் முடித்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. இரட்டைத் தடத்துக்கு முக்கியக் காரணம் பயம். மெதுவாகத் தொட்டுத் தொட்டு ஆரம்பிப்பார்கள். வீலின் பல் மேலாகக் கீறிவிட்டு அடுத்த சுற்றில் வேறு இடத்தில் விழும். முதல் அழுத்தத்தையே பலமாகக் கொடுத்துவிட்டால் பல் தன் பள்ளத்தை ஆழமாகப் பதித்துக்கொள்ளும், அடுத்த சுற்றில் தானே அந்தப் பள்ளத்தைத் தேடிப் போய் உட்காரும். விட்டத்துக்குக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நான் போட்டதில்லை.

இன்னொன்று, வார்ப்பிரும்பில் நர்லிங் கேட்டு வருவார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பிதுங்க வேண்டிய உலோகம் உதிரும்.

மண்டபத்திலிருந்து

அண்ணே, பலமாக அழுத்தப் பெரிய லேத்தால் முடியும். எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் உதவுகிறது. ஜாபின் சுற்றளவில் பற்கள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும், அவ்வளவுதான். 1 மி.மீ. நேர்வரி வீல் என்றால் 62 பல்லுக்கு 19.74 மி.மீ. விட்டம், 63 பல்லுக்கு 20.05, 64 பல்லுக்கு 20.37. ஒரு நல்ல விட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 0.32 தான் இடைவெளி. ஆகவே நாம் எந்த விட்டத்தில் நின்றாலும் 0.16க்குள் ஒரு நல்ல விட்டம் இருக்கும். இரட்டைத் தடம் விழுந்தால் அந்தக் கீறலைக் கடைந்து எடுத்துவிட்டு, இன்னும் ஒரு மெல்லிய கட் கூடுதலாக எடுத்து மறுபடி கவ்விப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டைமண்டில் பல் 30 டிகிரி சாய்ந்திருப்பதால் சுற்றளவு வாக்கில் இடைவெளி 1.155 ஆகிவிடும், அங்கே 54 பல்லுக்கு 19.85.

கீழக்கரையிலிருந்து

தொண்டி காக்கா (அண்ணன்) சொன்ன பலம் ஸ்டெயின்லெஸ்ஸில் எனக்குக் கை கொடுத்தது. கடலுக்குப் போகிற சாமான் என்பதால் 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியில் செய்கிறேன். 304 வாங்காதீர்கள், கரையில் வைத்திருந்தாலே உப்புக்காற்றில் டீக்கறை மாதிரிப் பழுப்பு ஏறும். ஆனால் 316 அழுத்த அழுத்தக் கெட்டியாகும். தடவித் தடவிப் பல தடவை ஓட்டினால் மேல்தோல் இறுகி, பிறகு வீல் ஏறாது, பல் முனை செதில் செதிலாக உரியும். பலமாக ஒரு போக்கு, தேவைப்பட்டால் ஒரு வரவு, அதோடு நிறுத்திவிட வேண்டும்.

மைல்டு ஸ்டீலில் நர்லிங் போட்டுக் கடலுக்கு அனுப்புவது வீண். வரிக்குள் உப்புத்தண்ணீர் தங்கி சீக்கிரமே செங்கல் நிறமாகிவிடும். பெயின்ட் அடித்தால் வரியே மறைந்துவிடும்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரில் கலக்கும் கட்டிங் ஆயில் நம் ஊருக்கு ஒத்துவராது. சாயங்காலம் துடைக்க மறந்தால் காலையில் லேத் பெட்டில் (அடித்தளத்தில்) துரு பூத்திருக்கும். தண்ணீர் கலக்காத எண்ணெயையே பிரஷ்ஷால் தொட்டு வைக்கிறேன்.

ராமேஸ்வரத்திலிருந்து

எங்களுடையது வீட்டு லேத் இல்லை, படகு வேலை பார்க்கிற பட்டறை. ஆனாலும் நர்லிங் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வருஷத்து ரிப்பேர் முழுக்க அப்போதுதான். மே மாதம் முழுக்க யாரும் வரமாட்டார்கள். ஜூன் பிறந்ததும் எல்லோரும் ஷாஃப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும், பேரிங் லொடலொடவென்று ஆடும். "ஒரு நர்லிங் போட்டுவிடுங்கண்ணே, பருத்துடும், பேரிங்கை அடிச்சு ஏத்திக்கிறேன்." பருக்கும் என்பது உண்மைதான். பேரிங் டைட்டாக ஏறும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும்.

ஆனால் பேரிங்கைத் தாங்குவது வரிகளின் முனை மட்டும். நடுவிலெல்லாம் காற்று. இன்ஜின் அதிர்வில் முனைகள் மழுங்கினதும் பேரிங் மறுபடி ஆடும், அதுவும் நடுக்கடலில். போதாததற்கு அந்தக் காலி வரிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து ஷாஃப்ட்டையே அரிக்கும். தேய்ந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பிக் கடைய வேண்டும், அல்லது ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும். நேரம் ஆகும், காசும் ஆகும். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே நர்லிங் போட்டு வாங்கிக்கொண்டு, சீசன் பாதியில் திரும்ப எங்களிடம் வந்தவர்களும் உண்டு.

நர்லிங்கை இறுக்கத்துக்குப் பயன்படுத்த நியாயமான இடமும் இருக்கிறது. மரக் கைப்பிடியோ நைலான் குமிழோ ஏற்ற வேண்டிய கம்பியின் முனையில் நேர்வரி போட்டு அடித்து ஏற்றினால், வரி மரத்துக்குள் கடித்துக்கொண்டு சுற்றாமல் நிற்கும்.

தொண்டியிலிருந்து

ராமேஸ்வரம் தம்பி சொல்வதில் ஒரு திருத்தம் மட்டும். விவசாய மோட்டார், மாவு மெஷின் போன்ற தரை மெஷினில், பாரம் கம்மியான இடத்தில், லாக்டைட் (உலோகத்தை ஒட்டும் பசை) போட்டு நர்லிங்கில் ஏற்றிய பேரிங் வருஷக்கணக்கில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். படகு ஷாஃப்ட்டுக்கு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியபட்டினத்திலிருந்து

அண்ணன் கடைந்துகொண்டிருந்த லேத்தில்தான் நானும் பழகினேன், இப்போது சின்ன வேலைகளை நானே செய்கிறேன். இங்கே யாரும் எழுதாத ஒன்று. மெதுவாகச் சுற்றுகிறது என்று நினைத்து வேஸ்ட் துணியால் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். நர்லிங் வீலும் ஜாபும் சந்திக்கும் இடம் கரும்பு மெஷின் போலத்தான், துணியின் ஒரு நூல் மாட்டினால் போதும், விரலையும் சேர்த்து இழுக்கும். நீளக் காம்பு பிரஷ் மட்டும்தான். கையுறையும் கூடாது. ஆண்கள் கைலி கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே அண்ணனின் பழைய சட்டையைக் கைமடித்துப் போட்டுக்கொள்வேன்.

மண்டபம் அண்ணனிடம் ஒரு கேள்வி: வீலையும் நாமே செய்ய முடியுமா?

மண்டபத்திலிருந்து

செய்யலாம் தங்கச்சி, ஆனால் மெனக்கெடலுக்குப் பலன் இல்லை. பல்லை ஒரே இடைவெளியில் வெட்ட இண்டெக்சிங் (சுற்றைச் சம பாகமாகப் பிரிக்கும் ஏற்பாடு) வேண்டும், வெட்டின பிறகு கெட்டியாக்க வேண்டும், அதில் ஒரு பல் கோணினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோணல் ஜாபில் பதியும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) வீலாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். டைமண்டுக்கு வாங்கினால் ஒன்று இடப்பக்கச் சாய்வு, ஒன்று வலப்பக்கச் சாய்வு என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் ஒரே சாய்வாக இருந்தால் சாய்ந்த கோடு மட்டும்தான் விழும், கட்டம் விழாது. மற்றபடி பட்டை, போல்ட் எல்லாம் பழைய இரும்புக்கடையிலேயே கிடைக்கும்.