நான் சந்தித்த டேமியன்கள்

பேட்மேனின் மகன் டேமியனை நான் முதலில் பார்த்தது 2014இல் வந்த 'சன் ஆஃப் பேட்மேன்' அனிமேஷன் படத்தில். சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொடியன், கையில் வாள், பெரியவர்கள் யாரையும் மதிக்காத வாய். அம்மா தாலியா, தாத்தா கொலைகாரக் கூட்டத்துக்கே தலைவனான வில்லன் ராஸ் அல் கூல்! அந்த வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

அப்புறம் காமிக்ஸில் தேடிப்போனால் ஆளுக்கொரு மகன் கிடைக்கிறான். 1987இல் மைக் டபிள்யூ. பார் எழுதிய கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது. கரு கலைந்துவிட்டதாக புரூஸிடம் (பேட்மேனின் நிஜப் பெயர்) பொய் சொல்லித் தாலியா பிரிகிறாள். பிறந்த குழந்தையை வேறொரு தம்பதி தத்தெடுக்கிறார்கள். அப்பனுக்குக் கடைசிவரை தெரியாது. 1996இன் 'கிங்டம் கம்'மில் வளர்ந்த ஆளாக வந்து சூப்பர்மேனின் எதிரி லூதர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான், பெயரும் வேறு. 2006இல் கிராண்ட் மாரிசனும் ஆண்டி குபர்ட்டும் கொண்டுவந்த பிறகுதான் டேமியன் என்ற பெயரும், நமக்குத் தெரிந்த அந்தத் திமிரும்.

என் மனசு மாறியது 2009 கதைகளில். புரூஸ் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் நேரம். புரூஸ் வளர்த்த முதல் ராபின் (பேட்மேனின் இளம் கூட்டாளி) டிக் கிரேசன் இப்போது பேட்மேன், டேமியன் ராபின். வழக்கமாக பேட்மேன் உர்ரென்று இருப்பார், ராபின் துள்ளுவான். இங்கே அப்படியே தலைகீழ். டிக் ஜோக் அடிக்கிறான், பொடியன் முறைக்கிறான். 'உன்னை நான் ஏன் மதிக்கணும்' என்று நிற்பவனை டிக் அதட்டி அடக்குவதில்லை, பொறுத்துப் போகிறான். கொஞ்சம் கொஞ்சமாகப் பையன் வழிக்கு வருகிறான். என்னைக் கேட்டால் டேமியனை வளர்த்தது டிக்தான், புரூஸ் இல்லை. புரூஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

2013இல் அவனைக் கொன்றார்கள். கொன்றவன் அவனுடைய குளோன், அதாவது அவனை அப்படியே நகலெடுத்துத் தாலியா உருவாக்கியவன். பெரிதாக அதிரவில்லை, காமிக்ஸில் செத்தவர்கள் திரும்புவார்கள் என்று தெரியும். இவனும் திரும்பினான்.

ஆனால் சூப்பர்மேன் சர்வாதிகாரியாக மாறும் 'இன்ஜஸ்டிஸ்' என்ற தனிக் காமிக்ஸ் தொடர் என்னைப் படுத்திவிட்டது. அதில் டேமியன் அப்பாவை விட்டு சூப்பர்மேன் பக்கம் போகிறான். கைகலப்பில் கோபத்தில் தடியை வீசுகிறான். அது தலையில் பட, டிக் விழுந்து செத்துப்போகிறான். வேண்டுமென்று செய்ததில்லைதான், இருந்தாலும் 2009 கதைகளைப் படித்தவனுக்கு அந்தப் பக்கம் தாங்காது. நான் அதோடு மூடிவைத்துவிட்டேன். இந்த டேமியன் பிறகு திருந்துகிறானா? முழுக்கப் படித்தவர்கள் சொல்லுங்கள், திருந்தினால் மட்டும் மறுபடி எடுக்கிறேன்.