மொத்த ஆர்டர் பிடித்த அனுபவங்கள்: ராமேசுவரம் முதல் சாயல்குடி வரை

தங்கச்சிமடம், பனையோலைப் பெட்டி

அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து பனையோலைப் பெட்டி முடைகிறோம். மூடி போட்ட சின்னப் பெட்டி, கொட்டான், பேனா செருகி வைக்கும் கூடு, இப்படி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில்தான் எங்களுக்கு உட்கார்ந்து முடைய நேரம் கிடைக்கும். வீட்டில் காசு இல்லாததும் அப்போதுதான். ராமேசுவரம் கடைகளில் கொண்டுபோய்க் கொடுத்தால் "வச்சுட்டுப் போங்க, வித்ததும் தாரேன்" என்கிறார்கள். விற்றதா என்று கேட்கப் போய்வரும் பஸ் காசுக்கே கிடைக்கிற லாபம் சரியாகிவிடுகிறது.

ஓட்டல், நகைக்கடை, ஜவுளிக்கடை என்று மொத்தமாக ஆர்டர் வாங்கியவர்கள் சொல்லுங்கள். யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், என்ன நடந்தது? "தரமாகச் செய்தால் தானாக வரும்" என்கிற பதில் மட்டும் வேண்டாம். தரமாகத்தான் செய்கிறோம்.

ராமேசுவரம், சிப்பி வேலை

எனக்கு முதல் பெரிய ஆர்டர் வாங்கிக் கொடுத்தவர் ஓட்டல் முதலாளி இல்லை, ரிசப்ஷனில் நின்ற தம்பி. சிப்பிக் கண்ணாடி, தோரணம், விளக்கு எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பியிருந்தேன். மேனேஜர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சரி என்று திரும்பப் பைக்குள் அடுக்கும்போது அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணே, ரூம் சாவியில கோக்குற மாதிரி ஏதாச்சும் இருக்கா? பெருசா வேணும். பாக்கெட்டுக்குள்ள போகக் கூடாது."

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வருகிற கூட்டத்தில் சிலர் அறைச் சாவியோடு ரயில் ஏறிவிடுவார்களாம். பூட்டுக்காரரைக் கூப்பிடுவதும், முதலாளியிடம் பேச்சு வாங்குவதும் அந்தத் தம்பிதான். உள்ளங்கை அகல மரத்துண்டில் சிப்பி பதித்து, அறை எண் எழுதி ஒன்று கொண்டுபோனேன். மேனேஜர் அதைச் சட்டைப் பையில் திணித்துப் பார்த்தார். போகவில்லை. எல்லா அறைக்கும் சொல்லிவிட்டார். தங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் பரிசைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே அதற்குப் பிறகுதான்.

இன்னோர் ஓட்டலில் அப்பாவும் மகனும் சேர்ந்து பார்க்கிறார்கள். பாம்பன் பாலம் போட்ட மேசைப் பரிசு வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு 1914இல் திறந்த பழைய பாலம்தான் பாலம். கப்பல் வந்தால் இரண்டு கையும் விரித்து எழுந்து நிற்குமே, அது. மகனுக்கு 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், நடுப்பகுதி படுத்தபடியே மேலே ஏறுகிறது. என்னை வைத்துக்கொண்டே இருவரும் வாக்குவாதம். ஒரு பக்கம் பழசு, மறுபக்கம் புதுசு போட்டுத் தருகிறேன் என்றேன். கூடுதல் வேலைக்குக் கூடுதல் விலை சொன்னேன், மறுப்பில்லை. சண்டையை முடித்துவைத்ததற்கான கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. கண்ணாடிக் குப்பியில் பவளப்பாறைத் துண்டு போட்டுத் தரச் சொல்லி ஒரு விடுதி கேட்டது. நல்ல தொகை. முடியாது என்றுவிட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைகளுக்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறது, கரையில் ஒதுங்கியது என்ற சாக்கெல்லாம் செல்லாது. சில சங்கு, சிப்பி வகைகளும் பட்டியலில் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு இந்தத் தொழில் செய்கிற நாம், எது விற்கலாம் எது கூடாது என்று வனத்துறையிடமே கேட்டுத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த விடுதி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

கீழக்கரை, கல்யாணப் பெட்டிகள்

தங்கச்சி, உங்கள் ஓலைப் பெட்டி மாதிரியேதான் எங்களுடையதும். நான் கடை கடையாக ஏறவில்லை. எங்களுக்கு ஆர்டர் கொண்டுவருகிறவர் ஒரு பண்டாரி காக்கா, கல்யாணச் சமையல்காரர்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை தடை வந்ததும், கல்யாண வீட்டில் தொதல் என்கிற இனிப்பை எதில் வைத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தலைவலி. தொதலில் எண்ணெய் கசியும், காகிதப் பை நனைந்துவிடும். என் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாத்தா (அக்கா), அழகெல்லாம் இருக்கட்டும். சூடா வச்சா சாயம் ஒட்டுமா?" என்றார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். சாப்பாடு வைக்கிற பெட்டிக்கு உள்பக்கம் சாயம் போடாத வெள்ளை ஓலைதான், மேலே வாழையிலை விரித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பெட்டியில் தொதலை வைத்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். இப்போது அவர் சமைக்கிற வீடுகளில் அவரே விலையும் பேசிவிடுகிறார். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று அவருக்கும் கொடுக்கிறேன், அதில் ஒளிவுமறைவு இல்லை.

கல்யாண ஆர்டரில் அவகாசம்தான் சிக்கல். மாப்பிள்ளையோ அண்ணனோ வளைகுடாவிலிருந்து லீவு கிடைத்து வந்து இறங்கிய பிறகே தேதி முடிவாகிற வீடுகள் உண்டு. அதனால் பெட்டியின் உடம்பை வெள்ளை ஓலையில் முன்கூட்டியே முடைந்து அடுக்கிவைக்கிறோம். நிறமும் பெயரும் மூடியில் மட்டும். ஆர்டர் வந்தபின் மூடி வேலைதான் மிச்சம்.

அப்புறம் விலை. ரம்ஜானுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, "நூறுக்கு இந்த ரேட்டுன்னா ஐந்நூறுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்றார். குறையாது முதலாளி என்றேன். மெஷினில் அடிக்கிற சாமானுக்கு எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும். கையில் முடைகிறவளுக்கு ஐந்நூறாவது பெட்டிக்கும் முதல் பெட்டிக்கு ஆன நேரமேதான் ஆகும், முதுகுவலி வேறு கூடுதல். குறைகிறது சாயம் காய்ச்சுகிற செலவும் வண்டிக்கூலியும் மட்டுமே. அந்த அளவுக்குக் கழித்து, அவர் கடைப் பெயர் அச்சடித்த பட்டையை என் செலவில் ஒட்டித் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பிறகு அவரே முந்நூறுக்கு ஆள் அனுப்பினார். ஐந்நூறுக்கு ஒப்புக்கொண்டு விலையை உடைத்திருந்தால் அடுத்த வருஷமும் அதே உடைந்த விலைதான்.

தொண்டி, துணிப்பை

எங்களுக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழா. மேடையில் வருகிறவர்களுக்குப் போர்த்துகிற சால்வைக்குப் பதில் பை கொடுக்கலாமா என்று ஓர் ஆசிரியைதான் கேட்டார், கொடுத்தோம். இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. தொகை சின்னது, பணம் அன்றைக்கே வந்தது.

ராமநாதபுரம், கணக்கு எழுதுபவன்

நான் கைவினைத் தொழிலில் இல்லை. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். தீபாவளிப் பரிசு ஆர்டர்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும் என்பதால், எதிர்ப்பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஓர் அம்மா அருமையான நார்ப்பெட்டி கொண்டுவந்தார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "பில் மட்டும் கணக்குல கொடுத்துடுங்கம்மா" என்று என்னிடம் அனுப்பினார். அவரிடம் பில் புத்தகம் இல்லை, பான் எண் கையில் இல்லை, பேங்க் கணக்கு மகன் பெயரில். இந்தத் தொகையை நான் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஆடிட்டர் கேட்பார். ஆர்டர் அங்கேயே நின்றது. முதலாளி சரி என்ற பிறகு என் மேசையில் செத்துப்போகிற ஆர்டர்கள் இப்படித்தான் சாகின்றன, பொருள் பிடிக்காமல் இல்லை.

ஜிஎஸ்டி இல்லாததால் பயந்துபோய் வராதவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பில்லில் ஜிஎஸ்டி என்று எதையும் போட்டு வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான். பெயர், முகவரி, பான், பில் எண், தேதி, சரக்கு விவரம், வங்கி விவரம் இருந்தால் எனக்குப் போதும்.

"ஜிஎஸ்டி பில் இல்லேன்னா எங்களுக்கு கிரெடிட் வராதே" என்று கடைக்காரர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்: இலவசப் பரிசாகக் கொடுக்கிற பொருளுக்கு எப்படியும் உள்ளீட்டு வரி கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது, கிடையாது. ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) அதைத்தான் சொல்கிறது. பரிசு கொடுக்கவே வாங்குகிறவருக்கு உங்களிடம் வாங்குவதால் இந்த வகையில் நட்டம் இல்லை. இதை எங்கள் முதலாளிக்கே நான்தான் விளக்க வேண்டியிருந்தது. (ஓட்டல்காரர் வாங்கித் திரும்ப விற்பதென்றால் கணக்கு வேறு.)

உத்யம் என்கிற, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். அதை எடுத்து, பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். குறு, சிறு தொழிலில் உற்பத்தி செய்கிறவருக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். கெடு தாண்டினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு என்று ஆடிட்டர்கள் மந்திரம் மாதிரி சொல்வது அதைத்தான். மார்ச் மாதத்தில் உத்யம் எண் போட்ட பில்களைத்தான் நான் முதலில் எடுத்து வைக்கிறேன். வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தச் சலுகை இல்லை, சொந்தமாகச் செய்கிற உங்களுக்கு உண்டு.

சாயல்குடி, கருப்பட்டி

கணக்கர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. மழையை யாரும் பேசவில்லையே?

கருப்பட்டி, முண்டு வத்தல், ஓலைப் பெட்டி மூன்றும் சேர்த்துத் தீபாவளிப் பரிசாகக் கொடுக்கிறேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் வெளியூர்க்காரர்களிடம் பேச ஒரு பிடி இருக்கிறது. புதுக் கருப்பட்டி பங்குனி தொடங்கி ஆடிவரை. தீபாவளி விழுவதோ ஐப்பசி மழையில். கருப்பட்டி ஈரக் காற்றில் கசியும், ஓலையில் பூஞ்சை பிடிக்கும். ஒரு நிறுவனம் அலுவலகம் சுத்தம் செய்யும் முன்பே சரக்கு வேண்டும் என்று முன்கூட்டியே வாங்கிக் குடோனில் தரையோடு அடுக்கிவிட்டது. பண்டிகைக்கு எடுத்தபோது பாதிப் பெட்டியில் கரும்புள்ளி. பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், மிச்சம் வரவே இல்லை. இப்போது ஓலையைக் கோடையில் காயவைத்து முடைந்துவிடுகிறேன், கருப்பட்டியைத் தனி உறையில் சீல் வைக்கிறேன், சரக்கைப் பண்டிகை வாரத்தில்தான் இறக்குகிறேன். சரக்கு இறக்கிய நிலையில் படம் எடுத்து அவர்கள் வாட்ஸப்புக்கே அனுப்பி "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று, ஒரு நகைக்கடையில் நடந்தது. முதலாளி கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டார். "சீனி கலந்ததா?" அடுத்த கேள்வி, "சந்தையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே?" நான் வாதாடவில்லை. எந்தப் பனங்காட்டில் பதநீர் இறக்கியது, யார் காய்ச்சியது என்று சொல்லி, சந்தேகம் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், செலவு என்னுடையது என்றேன். அவர் கொடுக்கவில்லை. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் உறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், இருந்தது. ஆர்டர் வந்தது. உங்கள் பெட்டிக்குள் தின்பண்டம் வைப்பதென்றால் அதைச் செய்தவரிடம் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தங்கச்சி.

தங்கச்சிமடம், பனையோலைப் பெட்டி

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஜவுளிக்கடையையும் ஒரு நகைக்கடையையும் மனதில் வைத்திருக்கிறேன். எப்போது போவது? எத்தனை மாதிரி கொண்டுபோவது? முன்பணம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்களா?

கீழக்கரை, கல்யாணப் பெட்டிகள்

பாதி முன்பணம் கேளுங்கள். ஓலை எடுக்க, சாயம் எடுக்க என்று காரணத்தோடு கேட்டால் யாரும் சுளிப்பதில்லை. முன்பணமே தராதவர் மீதியைத் தருவார் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. முடியும் என்று சொல்கிற எண்ணிக்கையை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். தடைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு முடைவது வேறு, படகு போக ஆரம்பித்து மீன் வேலை வந்தபின் முடைவது வேறு.

ராமநாதபுரம், கணக்கு எழுதுபவன்

தீபாவளிக்கு என்றால் ஆடி கடைசி, ஆவணி தொடக்கம். நகைக்கடைக்கு அட்சய திருதியை சமயத்தில் போகாதீர்கள், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை பல இடங்களில் கூலி போடுகிற நாள். மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல், அதற்கு முந்தின நாட்களில் என்னைப் போன்றவர்கள் மனிதர்களாக இருக்க மாட்டோம். மாதிரி ஒன்று போதும். அதன் அடியில் விலை, குறைந்தபட்ச எண்ணிக்கை, போன் நம்பர் எழுதிய சீட்டை ஒட்டி, கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.