கிரேஹவுண்ட் நாயின் வால் நுனிக் காயம்: கட்டு நிற்க வழி சொல்லுங்கள்

மெல்பர்னில் இரண்டு லாப்ரடார்களோடு, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டும் வீட்டில் இருக்கிறது. குஷியில் சுவரில் அடித்து அடித்து அதன் வால் நுனி பிளந்துவிட்டது. தோல் மெல்லிசு, முடியும் குறைவு. ஆறுவதற்குள் மறுபடி வெடித்து, நடை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

சலைனில் கழுவி, ஒட்டாத காஸ் துணி வைத்து, குழாய்க்குப் போடும் ஃபோம் உறையை 15 செ.மீ. வெட்டி மாட்டி, வால் முடியோடு சேர்த்துச் சுருளாக டேப் ஒட்டுகிறோம். இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகிவிடும். தளர்த்தினால் நாலு ஆட்டில் பறந்துவிடுகிறது. தப்பினால் சின்ன லாப்ரடார் கவ்வி இழுக்கிறது.

எந்த டேப் நிற்கும்? நாய்களைப் பிரித்து வைக்காமல் கட்டைக் காப்பாற்ற முடியுமா? நுனியை வெட்டும் நிலை வந்தால், தயோபென்டால் என்ற மயக்க மருந்து இந்த இனத்துக்கு ஆகாது என்பதால் கிரேஹவுண்டுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.